கால்நடை இருக்கிறது, இறைச்சித் தொழில் ஏன் எழவில்லை? (வளரும் நாடுகள்: சிக்கல்களும் வாய்ப்புகளும்)

மேய்ச்சல்வெளி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. வளரும் நாட்டில் இறைச்சித் தொழிலை வளர்ப்பது பற்றிப் பேச்செடுத்தாலே, ஏற்றுமதித் தரத்தில் பெரிய அறுவைக்கூடம் கட்ட வேண்டும் என்றுதான் முதலில் சொல்கிறார்கள். நாளுக்கு 300 மாடு அறுக்கும் அளவில் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திறந்த பிறகு 60 மாடுதான் வருகிறது. கொதிகலன், குளிர் அறை, கழிவுநீர் நிலையம், ஆய்வாளர் சம்பளம் எல்லாம் 300 மாட்டுக்கான செலவு. அந்தச் செலவை 60 மாட்டின் மேல் ஏற்றும்போது, வளர்த்தவருக்குக் கொடுக்க முடிகிற விலை சந்தை வியாபாரி கொடுப்பதைவிடக் குறைந்துவிடுகிறது. விலை குறைந்தால் அந்த 60 மாடும் வேறு பக்கம் போய்விடும். பல நாடுகளில் இப்படித்தான் கூடங்கள் முடங்கிப்போய் நிற்கின்றன.

பேசுவதற்கு வசதியாக ஒரு நிலையை வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஐந்தாறு மாடும் பத்துப் பதினைந்து ஆடும், மேய்ச்சலை நம்பிய வளர்ப்பு. கோமாரி நோய் நாட்டில் இருக்கிறது. மின்சாரம் நாளில் சில மணி நேரம் நிற்கும். மக்கள் அறுத்த சூட்டோடு கறி வாங்குகிறார்கள். இந்த நிலையில் முதல் பணம் எங்கே போக வேண்டும்? கட்டடத்துக்கு இல்லை என்பது என் எண்ணம். அப்படியானால் எதற்கு என்பதை அந்தந்தத் துறை அறிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பட்டிக்கணக்கு

நல்ல இழை ஐயா. மந்தையிலிருந்தே தொடங்குவோம். மாடு வராததற்கு விலையை மட்டும் காரணம் சொன்னால் பாதிதான் புரியும். விற்பதற்கு மாடு இல்லை என்பதுதான் மீதிப் பாதி.

நூறு மாடுள்ள மேய்ச்சல் மந்தையை எடுங்கள். அதில் ஈனும் வயதுப் பசு 40. மேய்ச்சல் மட்டும் என்றால் ஒரு பசு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். ஆக ஆண்டுக்கு 20 கன்று. ஐந்தில் ஒன்று பால்குடியிலேயே இறந்தால் மிச்சம் 16. பெரிய மாடுகளில் ஆண்டுக்கு 5 சாகும், அந்த இடத்தை நிரப்ப வேண்டும். விற்க நிற்பது 11. இதே மந்தையில் ஈற்று 65 விழுக்காட்டுக்கு ஏறி, கன்றுச் சாவு 8 விழுக்காட்டுக்கு இறங்கினால் 26 கன்று பிறந்து 24 தங்கும். விற்க 19 கிடைக்கும். ஒரு மாடுகூட வெளியிலிருந்து வாங்காமல், விற்பனை முக்கால் பங்கு கூடுகிறது.

அதற்குத் தேவைப்படுவது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். தொப்புளில் அயோடின். மழைக்காலத் தொடக்கத்தில் குடற்புழு மருந்து. தாய்க்குத் தாது உப்பு.

எல்லாவற்றையும்விடக் கடினம் கோடைத் தீவனம். மழைக்காலத்தில் ஏறிய எடையில் பெரும்பகுதி கோடையில் கரைவதால்தான் மாடு விற்பனை எடைக்கு வர நான்கைந்து ஆண்டு ஆகிறது. கையில் இருப்பது வைக்கோலும் சோளத்தட்டையும் என்றால் யூரியாப் பதம் செய்யலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் விட வேண்டும். திறந்ததும் அம்மோனியா வாடை போகுமளவு பரப்பி ஆற விட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியா கரைசலை மாடு எட்டும் இடத்தில் வைத்துவிட்டால் குடித்த சிறிது நேரத்தில் விழுந்துவிடும். இந்த முறையில் அதிகம் நடக்கும் விபத்து இதுதான்.

இன்னொன்று எடை. சந்தையில் கண்மதிப்பில் விலை பேசும்வரை, கொழுக்க வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். தராசு வாங்க முடியாத இடத்தில் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோவில் உயிர் எடை. சுற்றளவு 150, நீளம் 125 என்றால் ஏறக்குறைய 260 கிலோ. பத்து விழுக்காடு முன்பின் போகலாம், ஆனாலும் கண்மதிப்பைவிட நம்பகமானது.

---

தடுப்பூசிப்பெட்டி

மந்தைக் கணக்கை ஏற்கிறேன். அந்த 19 மாட்டை எங்கே விற்கலாம் என்பதை முடிவு செய்வது நோய் நிலை.

கால்நடை நோயை மனிதன் முழுதாக ஒழித்துக் காட்டியது ஒருமுறைதான். மாட்டுக் கொள்ளைநோய் ஒழிந்தது என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. நல்ல தடுப்பூசி இருந்தது, வைரஸில் ஒரே சீரம்வகை (உட்பிரிவு), ஒருமுறை போட்டால் வாழ்நாள் பாதுகாப்பு என்பதால் அது கைகூடியது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் இதே சாதகங்கள் இருப்பதால் 2030-க்குள் ஒழிப்பது என்று உலக இலக்கு வைத்திருக்கிறார்கள். ஆடு அதிகமுள்ள நாட்டுக்கு இது பெரிய வாய்ப்பு.

கோமாரி அப்படி அல்ல. ஏழு சீரம்வகை, ஒன்றின் தடுப்பூசி மற்றொன்றைத் தடுக்காது. ஒரே வகைக்குள்ளும் களத்தில் சுற்றும் வைரஸோடு தடுப்பூசி பொருந்துகிறதா என்று ஆய்வகத்தில் பார்த்தாக வேண்டும். முதல்முறை போடும் மாட்டுக்கு நான்கு வாரத்தில் இரண்டாம் ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பலரும் வெயிலுக்குத்தான் பயப்படுகிறார்கள். பனிக்கட்டியோடு ஒட்டி உறைந்துபோன புட்டியும் கெட்டதுதான். எண்ணெய்க் கலவை பிரிந்திருக்கும், போட்டும் பயனிருக்காது. பதிவேட்டிலோ போட்டதாக ஏறிவிடும்.

உயிருள்ள கால்நடையாக ஏற்றுமதி செய்வதை நம்பியிருக்கும் நாடுகள் 2000-ஆம் ஆண்டை நினைவில் வைக்க வேண்டும். அரேபியத் தீபகற்பத்தில் கொசுவால் பரவும் பிளவுப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வந்ததும் கிழக்கு ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியிலிருந்து வரும் ஆடு மாடுகளுக்குத் தடை விழுந்தது. சவூதி அரேபியா அதை விலக்கியது 2009-இல். ஒரே வாங்குநரை நம்பி, உயிரோடு மட்டுமே விற்கும் தொழில் ஒரு கொசுப் பருவத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றுபோகும்.

மருந்து எச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசிகளில் பலவற்றுக்கு அறுவைக்கு முன் 28 நாள் இடைவெளி கேட்கிறார்கள். சந்தையில் கைமாறி வந்த மாட்டுக்கு எப்போது ஊசி போட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. காதில் எண் இல்லாத மாட்டுக்கு மருந்து வரலாறும் இல்லை.

---

மேய்ச்சல்வெளி

கோமாரி இருக்கும் நாடு ஏற்றுமதியையே மறந்துவிட வேண்டுமா? இந்தியா எருமைக் கறியைப் பல ஆண்டுகளாக ஏற்றுமதி செய்கிறதே.

---

தடுப்பூசிப்பெட்டி

மறக்க வேண்டாம். இந்தியா விற்பது எலும்பு நீக்கிய, நிணநீர் முடிச்சு எடுத்த, உறைய வைத்த கறி. காரணம் எளிது. உரித்த உடல் ஆறும்போது சதையில் அமிலம் ஊறும். பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 6-க்குக் கீழே போனால் சதையில் இருக்கும் கோமாரி வைரஸ் பிழைக்காது. எலும்பு மச்சையிலும் நிணநீர் முடிச்சிலும் அமிலம் ஊறாது, அங்கே வைரஸ் தங்கும். அவற்றை நீக்கிவிட்டால் ஆபத்து மிகவும் குறைகிறது. உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி இதையே கேட்கிறது: எலும்பு எடுக்கும் முன் 2 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் குறைந்தது 24 மணி நேரம் தொங்க வேண்டும்; இரண்டு பக்க முதுகுச் சதையின் நடுவிலும் பிஎச் 6-க்குக் கீழே இருக்க வேண்டும். இதோடு அறுவைக்கு முன்னும் பின்னும் மருத்துவ ஆய்வு, மந்தையின் தடுப்பூசி வரலாறு எல்லாம் உண்டு.

இந்த பிஎச் விஷயத்தைக் குளிர்ப்பொறி நண்பர் விரிவாகச் சொல்வார்.

---

குளிர்ப்பொறி

சொல்கிறேன். முழு இழையிலும் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த இடம் என்பது என் உறுதியான கருத்து.

உயிருள்ள மாட்டின் சதையில் பிஎச் 7-க்குச் சற்று மேலே. அறுத்த பிறகு சதையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாக மாறி, 24 மணி நேரத்தில் 5.4 முதல் 5.8 வரை இறங்க வேண்டும். கிளைக்கோஜன் இல்லாவிட்டால் இறங்காது. அது எங்கே போகிறது? லாரியில் போகிறது. நெரிசல், நாள் முழுக்கப் பட்டினி, தண்ணீர் இல்லாமை, பழக்கமில்லாத மாடுகளோடு முட்டல் என்று எல்லாம் சேர்ந்து அதைத் தீர்த்துவிடும். அறுத்தால் சதை கறுத்து, பிசுபிசுத்து, பிஎச் 6.2, 6.4 என்று நிற்கும். அந்தக் கறி சீக்கிரம் கெடும். மேலே சொன்ன ஏற்றுமதி விதியில் அந்த உடல் அப்படியே தள்ளுபடி. ஏற்றுமதிச் சான்று கிடைக்குமா என்பது கூடத்தின் பளிங்குத் தரையைவிட லாரியின் தளத்தில்தான் அதிகம் தீர்மானமாகிறது.

ஆகவே லாரி: 300 கிலோ மாட்டுக்குச் சுமார் 1 சதுர மீட்டர் இடம், வழுக்காத தளம், நிழல். இறக்கும் சரிவு 20 டிகிரிக்கு மேல் கூடாது. வந்ததும் தண்ணீர், நிழல், இரவு முழுக்க ஓய்வு. வெவ்வேறு மந்தை மாடுகளை ஒரே பட்டியில் அடைக்கவே கூடாது.

இப்போது குளிர். ஒரு சிறு கூடம், நாளுக்கு 20 மாடு, 60 ஆடு என்று வைப்போம். உரித்த மாடு 150 கிலோ, ஆடு 12 கிலோ என்றால் மொத்தம் 3.7 டன். ஒரு கிலோ கறியை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 3.3 கிலோஜூல். 38-இலிருந்து 4 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 115 கிலோவாட் மணி வெப்பம் வெளியேற வேண்டும். 20 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் சராசரி 6 கிலோவாட்டுக்குள்தான். இந்தச் சராசரியை நம்பி இயந்திரம் வாங்குவதுதான் வழக்கமான தவறு. முதல் சில மணி நேரத்தில் வெப்பம் இரண்டு மடங்கு வெளிவரும். சுவர், விசிறி மோட்டார், திறந்து மூடும் கதவு, உள்ளே வேலை செய்கிற ஆட்கள் எல்லாம் அதன் மேல். 15 கிலோவாட் குளிர்த்திறன் இல்லாமல் இந்த அளவுக்குக் கூடம் தொடங்க வேண்டாம்.

உடல்கள் ஒன்றையொன்று தொட்டால் தொட்ட இடம் ஆறாது. மேலே குளிர்ந்து தொடை எலும்பருகே நாற்றமெடுக்கும். காற்று ஓட்டம் நொடிக்கு அரை முதல் ஒரு மீட்டர். ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் எடையிழப்பு 2 விழுக்காட்டுக்குள் நிற்கும். காற்று வறண்டால் இழப்பு ஏறும், விற்கும் கறியிலிருந்துதான் அது போகிறது.

ஆட்டில் தலைகீழான ஆபத்து. உடல் சிறியது, கொழுப்புப் போர்வை மெல்லியது, சட்டென்று குளிர்ந்துவிடும். பிஎச் இறங்கும் முன்பே சதை 10 டிகிரிக்குக் கீழே போனால் நார் சுருங்கி, எவ்வளவு வேக வைத்தாலும் ரப்பர் போல இழுக்கும். அறுத்த 10 மணி நேரத்துக்குள் 10 டிகிரிக்குக் கீழே விடாதே என்பது நினைவில் வைக்க எளிய விதி. முதல் பத்து மணி நேரம் 10–15 டிகிரி அறையில் தொங்கவிட்டு, பிறகு குளிர் அறைக்கு மாற்றலாம். மாட்டையும் ஆட்டையும் ஒரே அறையில் ஒரே அமைப்பில் தள்ளும் சிறு கூடங்களில் இந்தக் குறைபாடு நிச்சயம் வரும்.

மின்வெட்டுக்கு டீசல் ஜெனரேட்டர் கடைசித் துணையாக இருக்கட்டும். பனிநீர்த் தொட்டி வைத்தால் மின்சாரம் உள்ள நேரத்தில் பனிக்கட்டி உறைய வைத்து, போனபோது அந்தக் குளிரை எடுக்கலாம். பம்பும் விசிறியும் மட்டும் ஓட வேண்டும், அதற்குச் சிறிய சூரிய மின்கலமே போதும்.

---

பட்டிக்கணக்கு

@குளிர்ப்பொறி, உள்நாட்டில் மக்கள் சூட்டுக்கறிதான் கேட்கிறார்கள் என்றால் இத்தனை குளிர் எதற்கு? அந்தச் செலவைக் கறியில் ஏற்ற முடியாதே.

---

குளிர்ப்பொறி

நியாயமான கேள்வி. விடியலில் அறுத்து, கூடத்திலிருந்து அரை மணி தூரத்துக்குள், காலைக்குள் விற்றுத் தீரும் கறிக்குக் குளிர் அறை கட்டாயமில்லை. அங்கே பணம் சுத்தமான தண்ணீர், தொங்கவிடும் தண்டவாளம், 82 டிகிரி வெந்நீரில் கத்தி முக்கும் பெட்டி ஆகியவற்றுக்குப் போகட்டும். தரையில் போட்டு உரிக்கும் உடல், எந்தக் குளிர் அறைக்குப் போனாலும் குடல் கிருமியோடுதான் போகும்.

குளிர் தேவைப்படுவது இரண்டு நேரத்தில். ஒன்று, விற்காமல் மிஞ்சுவது. சூடான கறியில் கிருமி இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், மாலைக்குள் கெட்டுவிடும். அந்த நட்டத்தைப் பயந்துதான் வியாபாரி குறைவாக அறுக்கிறார். இரண்டாவது, கூடத்தைச் சந்தையைவிட்டு வளர்ப்பிடத்துக்கு அருகே கொண்டு போவது. 300 கிலோ மாட்டில் கறியாகவும் எலும்பாகவும் விற்பது ஏறக்குறைய பாதி. மீதிப் பாதியையும் சேர்த்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் ஏற்றுகிறோம். வழியில் எடையும் குறைகிறது. குளிர் வண்டியில் கறியாக அனுப்பினால் அதே சுமைக்கு இரு மடங்கு கறி போகும், மேலே சொன்ன லாரித் துன்பமும் இல்லை.

---

கசடுநீர்

எல்லோரும் கறியைப் பற்றிப் பேசுகிறீர்கள். கூடங்களுக்குப் பூட்டு விழுவது பெரும்பாலும் ரத்தத்தால்.

300 கிலோ மாட்டில் பிடிக்கக்கூடிய ரத்தம் ஏறக்குறைய 10 லிட்டர். ஒரு லிட்டர் ரத்தம் சிதைய 150 கிராமுக்கு மேல் ஆக்சிஜனை உறிஞ்சும். 10 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ. ஒரு மனிதரின் ஒரு நாள் கழிவுநீர்ச் சுமை 50 கிராம் அளவு. அப்படியென்றால் ஒரு மாட்டின் ரத்தத்தைக் கால்வாயில் விட்டால் 30 பேருடைய கழிவுநீரை விட்டதற்குச் சமம். 20 மாடு என்றால் 600 பேர். கழிவுநீர் நிலையத்தைப் பெரிதாக்குவதற்கு முன்னால் ரத்தத்தைத் தனித் தொட்டியில் பிடியுங்கள். தொட்டிக்கு ஒரு வடிகால், கழுவும் நீருக்கு வேறு வடிகால், அறுக்கும்போது எது திறந்திருக்க வேண்டும் என்று தரையில் நிறத்தால் குறியிடுங்கள். அடைப்பான் மாறி இருந்தால் அன்றைய ரத்தம் முழுக்க ஆற்றுக்குப் போகும்.

பிடித்த ரத்தத்தைக் கொதிக்க வைத்துக் கட்டியாக்கி, பிழிந்து உலர்த்தினால் கோழி, மீன் தீவனத்துக்கு ரத்தத்தூள். அதை மாட்டுக்கே திருப்பிப் போடக் கூடாது. மாட்டிலிருந்து எடுத்த இறைச்சி, எலும்புத் தூளை மாட்டுக்கே ஊட்டியதால்தான் பைத்திய மாட்டு நோய் பரவியது. மாட்டின் பெரிய இரைப்பையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். வெட்டி, உலர்வாகக் கவிழ்த்து, தள்ளுவண்டியில் எருக்குழிக்கு. தண்ணீரில் கலந்துவிட்டால் வடிகட்டிப் பிரிப்பதற்குப் பத்து மடங்கு வேலை.

தோல்: மாட்டுத்தோல் 20–25 கிலோ இருக்கும். உரித்து நான்கு மணி நேரத்துக்குள், தோல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்பு, சதைப்பக்கம் முழுக்கத் தேய்க்க வேண்டும். கழுத்திலும் கால் மடிப்பிலும் உப்பு எட்டாமல் விடுவார்கள், மயிர் உதிர்வது அங்கிருந்துதான் தொடங்கும். உரிக்கும் கத்தி நேராக இருந்தால் தோலில் கீறல் விழும். வளைந்த கத்தியும், கையால் தள்ளி உரிக்கும் பழக்கமும் வேண்டும். ஒரு கீறல் தோலின் தரத்தையே ஒரு படி இறக்கும்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள். ஆய்வில் தள்ளிய நீர்க்கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் வேலியோரம் எறிந்தால் நாய் தின்னும். நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, முட்டை மலத்தோடு வெளியே வந்து, புல்லில் ஒட்டி ஆட்டுக்கும், கையில் ஒட்டிக் குழந்தைக்கும் போகும். மனித ஈரலில் அதே கட்டி வளரும். ஐஸ்லாந்தும் நியூசிலாந்தும் இதை ஒழித்தன. நாய்க்குப் பச்சை உறுப்பு கிடைக்காமல் செய்வதும், நாய்க்கு முறையாகப் புழுமருந்து கொடுப்பதும்தான் அந்த வேலையின் மையம். மூடியுள்ள ஆழக் குழியும், நாய் நுழையாத வேலியும் கட்டுவதற்கு ஏற்றுமதி உரிமம் தேவையில்லை.

---

தீவனமூட்டை

மாட்டையே சுற்றி வருகிறீர்கள். உலகில் இறைச்சி வளர்ச்சி கோழியில்தான் நடக்கிறது. கறிக்கோழி 35 நாளில் 2 கிலோவைத் தாண்டுகிறது. ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம். பன்றிக்கு அது 3-ஐ ஒட்டி, அடைத்துக் கொழுக்க வைக்கும் மாட்டுக்கு 6, 7. ஒரு கோழி ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்க்கும் அளவு என்பதால் குளிர்ச்சங்கிலி இல்லாத ஊரிலும் உயிரோடு விற்கலாம். வளரும் நாட்டில் புரதத்தை விலை மலிவாக, விரைவாகக் கொடுக்க வேண்டுமானால் வழி இதுதான்.

இதன் கழுத்துப்பிடி தீவனம். உற்பத்திச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு அதுவே. தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், கால் பங்குக்கு மேல் சோயாப் பிண்ணாக்கு. மக்காச்சோளத்தை 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரத்தோடு அறுவடை செய்து, சாலையோரம் காய வைத்து, 16-இல் மூட்டை கட்டிவிடுகிறார்கள். 13-க்குக் கீழே வராத மூட்டைக்குள் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். கோழி சாகாது, வளர்ச்சி குன்றும், தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, பண்ணைக்காரர் குஞ்சு சரியில்லை என்பார். பூஞ்சை செத்தாலும் நஞ்சு போகாது, அரைத்தாலும் அவித்தாலும் போகாது. களிமண் வகை நஞ்சுப்பிடிப்பான் ஓரளவு தாங்கும், கெட்ட சோளத்தை நல்லதாக்காது.

அரசிடம் ஒரு ரூபாய் இருந்தால் அதை விளைச்சல் இடத்தில் உலர்த்திக்கும், ஈரம் அளக்கும் கருவிக்கும் கொடுக்கச் சொல்வேன்.

---

பட்டிக்கணக்கு

மதிப்போடு மறுக்கிறேன் தீவனமூட்டை. கோழியின் தீவனமும் தாய்க்கோழியின் தாய்க்கோழியும் எங்கிருந்து வருகின்றன? உலகக் கறிக்கோழி இனப்பெருக்கம் விரல்விட்டு எண்ணும் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. சோயா பெரும்பாலான வளரும் நாடுகளுக்கு இறக்குமதி. அந்நியச் செலாவணி தட்டும் ஆண்டில் பண்ணைகள் காலியாகும். மாடும் ஆடும் தின்பது மனிதன் தின்ன முடியாத புல், தட்டை, வைக்கோல். மழை குறைந்த நிலத்தில் வேறு எதையும் விளைவிக்க முடியாது.

---

தீவனமூட்டை

செலாவணி ஆபத்தை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் உள்நாட்டுச் சோளத்தைக் கெடாமல் காப்பது முதல் வேலை என்கிறேன். சோயாவில் ஒரு பகுதியைச் சூரியகாந்தி, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, கசடுநீர் சொன்ன ரத்தத்தூள் ஆகியவற்றால் ஈடுகட்டலாம். பருத்தியில் காசிப்பால் நஞ்சு உண்டு, கோழிக்கு அளவு மீறக் கூடாது. சூரியகாந்தியில் நார் அதிகம், லைசின் குறைவு, செயற்கை லைசின் சேர்க்க வேண்டும். மாடா கோழியா என்பது நிலத்தைப் பொறுத்தது. சோளம் விளையும் பகுதிக்குக் கோழி, வறண்ட மேய்ச்சல் பகுதிக்கு மாடும் ஆடும். ஒரே நாட்டில் இரண்டும் இருக்கலாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சுற்றும் நாட்டில் பன்றியில் பெரிய முதலீடு வேண்டாம். 2018-இல் சீனாவுக்குள் நுழைந்தபின் அது ஆசியாவில் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

---

சான்றிதழ்மேசை

ஏற்றுமதிப் பக்கம் நான் சேர்க்கிறேன். போட்ஸ்வானா இறைச்சி ஆணையம் 1965-இல் அமைந்தது. 1975 லோமே உடன்படிக்கையின் வழியே ஐரோப்பியச் சந்தை சலுகையோடு திறந்தது. வேலி போட்டு நாட்டை நோய் மண்டலங்களாகப் பிரித்து, மாட்டுக்கு மாடு அடையாளம் கொடுத்துத்தான் அந்த இடத்தைக் காப்பாற்றினார்கள். அப்படியும் கோமாரி வெடித்த 2011-இல் ஏற்றுமதி நின்றது. நமீபியாவும் வேலியால் தெற்கைத் தூய்மையாக வைத்து, 2019-இல் சீனாவுக்கும் 2020-இல் அமெரிக்காவுக்கும் மாட்டிறைச்சி அனுப்பிய முதல் ஆப்பிரிக்க நாடானது. ஆனால் வேலிக்கு வடக்கே மாடு வளர்ப்பவருக்கு அந்தச் சந்தை கிடைப்பதில்லை. நோய் மண்டலம் பற்றிப் பேசும்போது இந்தச் செலவையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பிரேசில் வேறு வழி. 1973-இல் எம்பிராபா ஆய்வு நிறுவனம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல்வகை, இந்திய ஓங்கோல் வழிவந்த நெலோர் மாடு, பல பத்தாண்டுத் தடுப்பூசி. தடுப்பூசி இல்லாமலே கோமாரி அற்ற நாடு என்ற ஏற்பு முழு நாட்டுக்கும் கிடைத்தது 2025 மே மாதத்தில். காடழிப்பு அதன் இன்னொரு பக்கம். மேய்ச்சல் நிலம் எங்கிருந்து வந்தது என்று இப்போது வாங்குநர்கள் கேட்கிறார்கள். புதிதாகத் தொடங்கும் நாடு காதுவில்லைப் பதிவேட்டிலேயே நில விவரத்தையும் சேர்த்துவிட்டால் பின்னால் அலைய வேண்டாம்.

காதுவில்லை பற்றி: அறுவைக்கூடத்தில் தலை வெட்டியதும் வில்லை தலையோடு போய்விடுகிறது. உடலின் அட்டையில் எண்ணை மாற்றி எழுதும் ஆள் யார், எந்த இடத்தில், என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். தணிக்கையாளர் முதலில் பார்ப்பது அங்கேதான்.

---

மேய்ச்சல்வெளி

எல்லோருக்கும் நன்றி. நான் புரிந்துகொண்ட வரிசை: கன்றுச் சாவையும் கோடைப் பட்டினியையும் குறைப்பது, எடைக்கு விலை, தடுப்பூசியும் காதுவில்லையும் ஒரே வருகையில், வளர்ப்பிடத்துக்கு அருகில் 20 மாட்டுக் கூடம், அதில் தண்டவாளம், ரத்தத் தொட்டி, குழி, அதன்பின் குளிர் அறை. அந்த 20 மாடு ஆண்டின் எல்லா மாதமும் நிரம்பி ஓடிய பிறகு விரிவாக்கம். குளிர் அறை வரும் முன்பே செய்யக்கூடிய, ஏற்றுமதிக்கு ஆயத்தமாகும் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள் என்றால் எது?

---

குளிர்ப்பொறி

பிஎச் அளந்து எழுதி வைப்பது. முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். முனை கூரான, கறிக்குள் குத்தக்கூடிய மின்முனை வாங்குங்கள். கண்ணாடிக் குமிழ் வகை எலும்பில் பட்டால் உடையும், கண்ணாடித் துண்டு கறியில் தங்கும். தினமும் 7.00, 4.01 கரைசலில் அளவு திருத்த வேண்டும். முதுகுச் சதையின் நடுவில், கொழுப்பையும் உறையையும் தவிர்த்துச் சிறு கீறல் போட்டுக் குத்தி, எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். ஒவ்வொரு உடலுக்கும் பிறகு முனையைத் துடைத்துக் கழுவ வேண்டும். கொழுப்பு படிந்தால் எண் தவறும், புரதம் படிந்தால் வாரம் ஒருமுறை பெப்சின் கரைசலில் ஊற வைக்க வேண்டும். உலர விடாமல் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். வெறும் தண்ணீரில் போட்டு வைத்தால் முனை சீக்கிரம் பழுதாகும்.

சூட்டுக்கறியாக விற்றுப்போகும் உடலில் 24 மணி நேர அளவு எடுக்க முடியாது. அதற்கு ஒரு கைப்பிடிச் சதைத் துண்டை உறையில் கட்டி, சிறு குளிர்பெட்டியில் மறுநாள்வரை வைத்து அளந்தால் போதும். எண்ணுக்கு எதிரே லாரி எண், பயண நேரம், ஓய்வு நேரம் மூன்றையும் எழுதுங்கள். 6-க்கு மேல் போகும் உடல்கள் எந்த லாரியிலிருந்து வருகின்றன என்பது சில மாதத்தில் தாளிலேயே தெரியும். அந்த லாரிக்காரரை அழைத்துப் பேசுங்கள்.